ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான்கு வீடுகள். நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபிரிட்ஜ். அது எங்கள் வீட்டில் இருந்தது. நான் எழுத வெட்கப்படும் செய்தி முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். சென்ற மாதம் முலுண்டில் என் மகன் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோய், பழுது பார்ப்பதா புதிது வாங்குவதா என்று அவன் என்னிடம் யோசனை கேட்டான். எழுந்து உள்ளே போய்விட்டேன். அம்மாவுக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை என்று அவன் எண்ணிக்கொண்டான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துச் சென்ற ஃபிரிட்ஜ் அது. எங்களிடம் வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஓடத் தொடங்கும்போது ஒரு முறை, நிற்கும்போது ஒரு முறை, குளிரில் நடுங்கும் கிழவரைப் போல உடம்பை உலுக்கிக்கொள்ளும். ஆயினும் அந்த மாடியில் அதற்கிருந்த மதிப்பு பெரிது. பெயர் பொறித்த கிண்ணங்கள் காலை முதல் மாலை வரை அதற்குள் வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு வீட்டின் தோசை மாவு, இன்னொரு வீட்டின் பால், வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய பூ. எதிர்வீட்டு மாமி மட்டும் உணவுப் பண்டம் எதையும் கொண்டுவர மாட்டார். அவருடைய கணவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் மருந்து ஒரு சிறிய தகர டப்பாவில், எங்கள் ஃபிரிட்ஜின் மேல்தட்டு மூலையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மாடி முழுவதும் எங்கள் கூடத்தில் கூடிப் பாசுரங்களைப் பாராயணம் செய்யும். முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் அப்பா. அவர் குரல் எழும்பினால் சுவரும் கேட்கும் என்பார்கள். அவருக்கு அடுத்தபடியாக என் உச்சரிப்பைப் புகழ்வார்கள். எனக்கு அப்போது பத்து வயது. இறைவனுடைய பெயரைப் பிழையின்றிச் சொல்லும் பிள்ளை பிழையே செய்யாது என்பது பெரியவர்களின் எண்ணம். என் எண்ணமும் அதுவே.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ வைத்த வெங்காய சாம்பார் கவிழ்ந்து, பூஜைக்கு வைத்திருந்த முல்லைச் சரத்தை நனைத்துவிட்டது. அம்மா சரத்தைக் கழுவினார், முகர்ந்து பார்த்தார், குப்பையில் போட்டார். மறுநாள் காலை அப்பாவிடம் பேசினார். கதவின் ரப்பர் தொங்கிப்போயிற்று, ஒரு நாளைக்கு நாற்பது முறை திறந்தால் எந்த ரப்பர் நிற்கும் என்று கேட்டார். ரப்பரை மாற்றி இன்னும் சிறிது காலம் ஓட்டலாம் என்றார் அப்பா. பிறகு, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் கடையொன்றில் பூட்டும் சாவியும் உள்ள புது ஃபிரிட்ஜ் ஒன்றைப் பார்த்ததாகவும் சொன்னார்.

"புதுசு வந்தா மட்டும் என்ன? இதே கிண்ணமெல்லாம் அதுக்குள்ளயும் வந்து உக்காந்துக்கும்" என்றார் அம்மா.

அப்பா செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாளுக்குப் பின்னாலிருந்துதான் யோசனை பிறந்தது. பழையதைச் சரியில்லை என்று சொல்லிக் கிண்ணங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. ஒரு மாதம் போனால் எல்லோருக்கும் பழக்கம் விட்டுப்போகும். அதன்பின் பூட்டுள்ள புதிதை வாங்குவது. இதில் அப்பாவுக்கு ஒரே ஒரு தடை இருந்தது. பாராயணம் செய்யும் நாவால் பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. அதற்கும் ஒரு வழி கண்டார்.

"சரியில்லைன்னு சொன்னாப் பொய்யாகாது. ரப்பர் தொங்கறதோல்லியோ? சரியில்லைதானே. கொழந்தையை அனுப்பு, அது போய்ச் சொல்லட்டும்."

நான் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். முதல் இரண்டு வீடுகளில் சொல்லிக்கொடுத்தபடி "சரியில்லை" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அவர்கள் முகம் சிறிது வாடியதே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய செய்தியைச் சுமந்துகொண்டு போயும் ஒருவரும் என்னை நிறுத்தி விசாரிக்கவில்லையே என்ற குறையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றை நானாகச் சொன்னேன்.

"தீப்பொறி பறந்தது மாமி. புகையா வந்தது. இனிமே அதுல யாரும் கையே வைக்கப்படாதுன்னுட்டார் அப்பா."

மாமி தகர டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை. அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் படலையேடி கொழந்தே?"

படவில்லை என்றேன். என் உள்ளங்கையில் அவர் ஊதினார். எதற்காக ஊதினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. சுட்டிருந்தால் ஆறட்டும் என்று ஊதியிருக்கலாம். அந்த மூச்சின் குளுமை இன்னும் என் கையில் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் கையை முந்தானையில் மறைத்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டு வாசற்கதவு முதல்முறையாகப் பகலில் சாத்தப்பட்டது. ஃபிரிட்ஜ் முன்போலவே ஓடியது, எங்களுக்காக மட்டும். கதவு தட்டப்பட்டால் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் பாராயணம் முடியும் வரையில் அது வாய்மூடி நிற்கும். எல்லோரும் விடைபெற்றுப் போன பின் மறுபடியும் போடுவேன். அது உடம்பை உலுக்கிக்கொண்டு உயிர் பெறும். அந்த நாட்களில் அப்பாவின் பாராயணத்தில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மே மாத வெயில். மாமி இன்சுலினை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, மேலே நனைத்த துணியைப் போர்த்தியிருந்தார். மூன்றாம் வாரத்தில் மாமாவுக்கு ஓயாத தாகம் எடுத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. மருத்துவர் வந்து பார்த்து, மருந்து வெப்பத்தில் கெட்டுவிட்டது, இதைப் போட்டும் பயனில்லை என்று சொல்லிப் புது மருந்து எழுதிக் கொடுத்தார். அதையாவது குளிர்ந்த இடத்தில் வையுங்கள், மறுபடியும் கெட்டால் தாங்கமாட்டார் என்றார். இதை மாமியே வந்து அம்மாவிடம் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரையில் சுவிட்சின் மேல் என் விரல் இருந்தது. அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் மூன்று வாரத்தையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

மறுநாள் பகல், ஒரு மணி நேரம் மாமாவைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு மாமி வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. மருந்துக்கடைக்கு என்று நினைத்தோம். மாமா கண்ணயர்ந்ததும் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாமி திரும்பி வந்து எங்கள் கதவைத் தட்டியபோது முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. பின்னால் கருவிப்பையுடன் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நின்றார். தாராவியில் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், எல்லோருக்கும் பாய். பால்காரர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு, தனியாகக் கடைவீதிக்குக்கூடப் போகாத மாமி ரயில் பாலத்தைக் கடந்து தாராவி வரை நடந்து போய் அவரை அழைத்து வந்திருந்தார்.

மாமாவின் மருந்துக்காக என்று மாமி சொல்லவில்லை. "அத்தனை பேருக்கும் உதவின ஃபிரிட்ஜ், அப்படியே கெடக்கலாமா? உங்களுக்கும் இப்போ கை முடையோ என்னமோ, கேக்க மனசு வரலை. கூலியை நான் பாத்துக்கறேன்" என்றார். மாமா தனியாக இருக்கிறாரே என்று உடனே தம் வீட்டுக்கு ஓடினார்.

சுவிட்சை நான் ஏற்கனவே அணைத்திருந்தேன். பாய் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை விட்டார். சூடு தாளாமல் உடனே எடுத்துக்கொண்டார். முன்பக்கம் வந்து கதவைத் திறந்தார். குளிர் என் முழங்காலில் பட்டது. உள்ளே எங்கள் தயிர் ஆடை கட்டியிருந்தது; தட்டில் பனிக்கட்டி பளபளத்தது. மேல்தட்டு மூலை மட்டும் காலியாக இருந்தது. பாய் அதையெல்லாம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வாசலிலிருந்து மாமியின் குரல் வந்தது. "பாய், பொழைக்குமா?"

பாய் கதவை மெல்லச் சாத்தினார். "பொழச்சிக்கிடும்மா. ஒரு வயரு லேசா விட்டுப் போயிருக்கு. அர மணி நேரம் குடுங்க" என்றார்.

சொன்னபடியே அரைமணி நேரம் வேலை செய்தார். பின்புறக் குழாய்களில் படிந்திருந்த தூசியைத் தட்டினார். திருகாணிகளைக் கழற்றி மறுபடியும் முடுக்கினார். தொங்கிய ரப்பரை இழுத்துப் பொருத்தினார். ஒரு முறையேனும் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நீயே சுவிச்சப் போடு" என்றார். போட்டேன். ஃபிரிட்ஜ் உடம்பை உலுக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஓசை கேட்டு மாமி தகர டப்பாவோடு வந்தார். வாசலிலேயே நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார்.

மாமி நீட்டிய கூலியைப் பாய் வாங்கவில்லை. புதிதாக எந்தப் பொருளும் போடவில்லை என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமியின் காதிலும் விழும்படி அம்மாவிடம் சொன்னார்: "இந்த மிசினு இன்னும் பத்து வருசம் ஓடும்மா. மாத்தணும்னு யாராச்சும் சொன்னா நம்பிராதீங்க."

அந்த மாலை அப்பா அலுவலகத்திலிருந்து வந்து காலணியைக் கழற்றுவதற்குள் நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். எங்கள் சாமர்த்தியத்தின் முன் ஒரு தொழிலாளி தோற்றுப்போன கதையாக அது எனக்குத் தோன்றியிருந்தது.

"அந்தப் பாய்க்கு ஒண்ணுமே தெரியலைப்பா. ஓடிண்டிருக்கற ஃபிரிட்ஜை அரை மணி ரிப்பேர் பண்ணினார்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்பாவும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். போகும்போது என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அப்பா ஒரு காலில் காலணியோடு வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புது ஃபிரிட்ஜைப் பற்றிய பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவில்லை. மாமி இறக்கும் வரையில், தீப்பொறி பறக்கவில்லை என்று நானும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் போதுமான காலம் இருந்தது; தைரியம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மாமா சுவரைப் பிடித்தபடி தாமே நடந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் அப்பாவின் முதல் அடிக்காகக் காத்திருந்தார்கள். அப்பா புத்தகத்தைத் திறந்தார். பிறகு அதை மாமாவின் மடியில் வைத்து, "இன்னிக்கு நீங்க ஆரம்பியுங்கோ" என்றார். மாமாவின் மெலிந்த குரல் தொடங்கியது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்பாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

வெயிலில் அலைந்து அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பாராயணம் முடிவதற்கு முன்பே சமையலறைக்குப் போய், மிளகு தட்டிப் போட்டுப் பாலைக் காய்ச்சி எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க அவர் கையில் கொடுத்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக் குடித்தார்.