சத்தம் போடாத மரம்

செய்தி வந்தபோது அறுப்பு மெஷினில் வேங்கைக் கட்டையை ஏற்றிக்கொண்டிருந்தேன். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வாசலில் சைக்கிளோடு நின்ற ஆள் கையை ஆட்டினார். மெஷினை நிறுத்தியதும், "முனிரத்தினம் போய்ட்டாருபா. காலைல எழுந்திருக்கவே இல்ல" என்றார். முந்தின நாள் மாலை என்னோடு டீ குடித்தவர். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதும் எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் மரவாடியின் விற்பனைக்காரர் அவர். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவு, கட்டில் என்று தட்டிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலேயே நிலைக்கதவைத் தட்டி, "உள்ள பூச்சி இருக்குது, பாத்துக்கோங்க" என்று மாமனாராகப் போகிறவரிடம் சொன்ன மனிதர். அவர் மனைவி, எங்கள் அண்ணி, போன மாதம்கூட இதைச் சொல்லிச் சிரித்தார்.

அறுபதுகளின் கடைசியில் முதலாளி புதுச் சரக்கு ஒன்றை இறக்கினார். மெல்லிய மரத்தகடுகளைப் பிசினில் ஊறவைத்து, சூட்டோடு அழுத்தி ஒன்றாக்கிய கட்டை. 'பிரஸ் மரம்' என்போம். இரும்பு மாதிரி கனக்கும். ஆணி இறங்காது. என் ரம்பத்தின் பல்லெல்லாம் மழுங்கிப்போகும், நான் திட்டாத நாளில்லை. முனிரத்தினம் அண்ணனுக்கோ அதன்மேல் பைத்தியம். ஆனால் ஊரில் யாரும் வாங்கவில்லை. "திருவிழாவுக்குள்ள இது போவலன்னா சரக்கும் வேணாம், நீயும் வேணாம்" என்று சொல்லிவிட்டார் முதலாளி. மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணன் சோறு இறங்காமல் அலைந்தார்.

அந்த நேரத்தில்தான் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கோவிலில் பல்லக்குத் தண்டு விரிசல் விட்டுப்போனது. பல்லக்குத் தூக்குகிறவர்களில் மூத்தவரான ஏகாம்பரம் வந்து, ஒடியாத மரமாகக் கேட்டார். எங்கள் எல்லோருக்கும் போன உயிர் வந்தது. கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? அண்ணன் சோதித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்றார்.

முற்றத்தில் இரண்டு முட்டுகள்மேல் தேக்குத் துண்டை வைத்து, நடுவில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டார். தேக்கு வளைந்தது, முனகியது, நார் நாராகப் பிரிந்தது, வெகுநேரம் கழித்தே ஒடிந்தது. அடுத்து பிரஸ் மரம். மூட்டை ஏற ஏற அசையவில்லை. தேக்கைவிட எவ்வளவோ அதிகம் தாங்கியது. முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு மூட்டை ஏற்றியதும் பட்டென்று இரண்டாக விழுந்தது. அதற்கு முன்னால் சின்னச் சத்தம்கூட இல்லை.

"அவ்ளோ பாரம் நம்ம சாமி இல்லபா. குடு" என்றார் ஏகாம்பரம்.

அண்ணன் ஒடிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன தண்டு விரிஞ்சப்ப எப்டி தெரிஞ்சுது?"

"முனகுச்சி. இறக்கி வச்சிட்டோம்."

"இது முனகாதுபா. நாள்பட்டு உள்ள விட்டுப்போனாலும் உங்களுக்குத் தெரியாது. தோள்ல இருக்கசொல்லவே போய்டும். தேக்கே வாங்கிக்கோங்க."

முதலாளியை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் வேலை போனது என்றே நினைத்தேன்.

மறுநாளே கையில் ஒரு பையோடு தறிவீடுகளுக்குக் கிளம்பிவிட்டார். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைப் பிரஸ் மரத்தில் செய்திருந்தார். சிலும்பு எழும்பாததால் பட்டு இழை மாட்டவே இல்லை. "கனமா இருக்குதுபா, கை வலிக்குது" என்ற புகார் வந்ததும் உள்ளே குடைந்து கனத்தைக் குறைத்தார். விற்கத் தொடங்கியது. அண்ணன் வேலையும் தப்பியது. "எவ்ளோ தாங்குதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒடியறதுக்கு முன்னாடி சொல்லுமான்னு எவனும் கேக்கல" என்பார் அண்ணன், வாங்க வருகிறவரிடமே.

துக்கத்துக்குப் போனபோது அண்ணி சொன்னார்: "ஒரு வாரமா நெஞ்சத் தடவிக்கினே இருந்தாரு. கேட்டா, ஒன்னும் இல்லம்மான்னாரு." எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

அன்று ஒடிந்த பிரஸ் மரத் துண்டு என் மெஷின் மேடைமேல் கிடக்கிறது. முறிந்த இடம் கத்தியால் நறுக்கியதுபோல இருக்கும். அதுவும், எந்த மரத்தையும் தட்டிப் பார்க்காமல் அறுக்காத பழக்கமும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை.

ஒரு தரம் முனகியிருக்கலாம் அண்ணா. இறக்கி வைத்திருப்போம்.