கறுப்பு பானெட்டில் நாற்பது சில்லறை வளையங்கள்

எங்கள் எதிர்வீட்டுக்காரர் கறுப்பு நிறத்தில் ஒரு கார் வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் அதன் மேல் படிந்த தூசியை, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல், உலர்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைக்கிறார். இரண்டு முறை போய்ச் சொன்னேன். முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை, "பெரியவரே, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். இப்போது ஜன்னலைச் சாத்தி வைத்துவிடுகிறேன். ஆனாலும் அந்தத் துணி வட்டம் போடுவது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

என் கோபம் அவர் மேல் இல்லை. அது வேறொரு கறுப்பு வண்டியின் மேல் உள்ள பழைய கோபம். அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் தொடங்கியது, இன்னும் ஆறவில்லை.

அப்போது நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சொல்வது வேலை. எண்ணி எண்ணி, ரோட்டில் போகும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைக்கூட எண்ணும் வியாதி பிடித்துவிட்டது. என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறை முதலாளியிடம் டிரைவர். முதலாளி பங்களாவின் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அதில்தான் மாமா, அக்கா, மூன்று பிள்ளைகள். சம்பளத்தைவிட அந்த அறைதான் பெரிய விஷயம். அந்த அறை போனால் ஐந்து பேரும் தெருவில்தான்.

முதலாளி புதிதாக ஒரு கறுப்பு பிளஷர் கார் வாங்கினார். வந்த அன்று அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சில மாதங்களில் பானெட்டைச் சாய்வெயிலில் பார்த்தால் வளையம் வளையமாகக் கீறல்கள். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் சிலந்தி வலை கட்டியது போல் எல்லாம் எழுந்து நிற்கும். வெள்ளை வண்டியாக இருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. கறுப்புக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஷெட் வாசலில் முதலாளி நின்று கத்திக்கொண்டிருந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாய்யா இது, பானெட்டு மேல கோலம் போட்டு வெச்சிருக்கே? தேங்கா நாரு போட்டுத் தேச்சியா? வண்டி கழுவச் சொன்னா ஏனம் வெளக்கிக்கினு கீறியா?"

"இல்லீங்க ஐயா."

"இல்லாம இது வானத்துலேர்ந்து வுழுந்துச்சா? வர்ற வெள்ளிக்கெழம பையனுக்கு நிச்சயம். இந்த மூஞ்சியோட வண்டியச் சம்பந்தி வூட்டு வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனா காறித் துப்புவாங்க. அதுக்குள்ள இது போவணும். இல்லாங்காட்டி ரூமக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு."

அவர் உள்ளே போனார். அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட அக்கா அடுப்புக்குத் திரும்பினாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நீ நாரு போட்டியா மாமா?"

"போடுவனா? பழைய வேட்டிய ஊற வெச்சுத்தான் தொடைக்கிறேன்."

"அத ஏன் அவங்கிட்ட சொல்லல?"

"வுடு மச்சான். மொதலாளி சொன்னா சொன்னதுதான்."

நான் விடவில்லை. பானெட்டின் ஓரமாகக் குனிந்து வளையங்களை எண்ணினேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்ததால் ஒரு தடவை நாற்பத்தொன்று வந்தது, மறு தடவை நாற்பத்து மூன்று. எல்லாம் சாப்பாட்டுத் தட்டு அளவு. பிறகு கதவுகளைப் பார்த்தேன். நான்கு கதவிலும் சேர்த்து ஒரு வளையம்கூட இல்லை. கூரையில் இல்லை. டிக்கியில் இல்லை.

"நீ தொடைச்சு வந்த கீறல்னா கதவுலயும் இருக்கணுமே மாமா? வண்டி பூரா தொடைக்கிற ஆளு நீ. பானெட்டுல மட்டும் எப்பிடி?"

மாமா டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வுடுறான்னா, பேஜாரு பண்ணாத," என்றார்.

கீறலை எடுக்கத் தெரிந்த பெயிண்டர் யாரையும் மாமாவுக்குத் தெரியாது. மறுபடி பெயிண்ட் அடிக்க நாளும் கிடையாது. நானே எடுக்கிறேன் என்றேன். எனக்கு அந்த வேலையில் அ, ஆ கூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம், ராயபுரத்துப் பெயிண்டுக் கடையில் ரப்பிங் காம்பவுண்டு என்று ஒரு டப்பா விற்கிறது, அதன் மேல் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருக்கிறது, எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும் என்பதுதான்.

நேரே பானெட்டில் கை வைக்கப் பயம். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையிலிருந்து ஒரு கறுப்பு மட்கார்டை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். அக்காவின் அறைக்கு வெளியே அதைச் செங்கல் மேல் கவிழ்த்து வைத்துத் தேய்த்தேன். டப்பாவில் இருந்தது பழுப்பு நிறச் சேறு. மண்ணெண்ணெய் வாடை. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு நைசான பொடி இருக்கிறது. அது பெயிண்டின் மேல்தோலை மயிரிழைக்கும் குறைவாகச் சீவி எடுக்கிறது. கீறல் போவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பெயிண்ட் இறங்கி வருகிறது, அவ்வளவுதான். இது புரிந்ததும் இன்னும் மெதுவாகத் தேய்த்தேன். ஒரு முறை சீவியதைத் திருப்பி ஒட்ட முடியாது.

பயந்ததில் தப்பில்லை. மட்கார்டின் விளிம்பில் கொஞ்சம் அழுத்தினேன், துணியில் சிவப்பு வந்தது. கறுப்பைத் தாண்டி அடிப்பூச்சு வரைக்கும் போய்விட்டேன். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசு. அங்கே கை போகக் கூடாது. இதை டப்பாவில் அச்சடிக்கவில்லை. அச்சடித்தவன் மேலும் எனக்குக் கோபம்தான்.

அதைவிடக் கோபம் பட்டறைப் புகைபோக்கியின் மேல். காலையில் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே கரும்பொடி வந்து விழும். ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் எடுத்து, கீழே பிள்ளைகளின் விளையாட்டுக் காந்தத்தை நகர்த்தினேன். பொடியில் பாதிக்கு மேல் எழுந்து ஓடியது. இரும்பு! இந்த இரும்புப் பொடியை உலர்ந்த துணியில் வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். அந்தப் பட்டறையும் அந்த முதலாளியுடையதுதான். அவன் புகை, அவன் இரும்பு, அவன் வண்டி. குற்றம் மட்டும் என் மாமாவுடையது.

காலையில் தரைக்காற்று பட்டறைப் பக்கமிருந்து வரும். அதனால் சாயங்காலம் கடற்காற்று எழுந்து புகையை மேற்கே தள்ளிய பிறகுதான் வண்டியைத் தொட்டேன். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவேன். முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன், கை படாமல். பொடி முழுக்கத் தண்ணீரோடு இறங்கிய பிறகு, அக்கா கொதிக்க வைத்து அலசிய வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்தேன். பிறகு ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காம்பவுண்டு. வட்டமாகத் தேய்க்கத்தான் கை இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, முன்னும் பின்னும் நேராக மட்டும் தேய்த்தேன். துணியின் ஒரு மடிப்பு கறுத்ததும் அடுத்த மடிப்பு. எல்லா மடிப்பும் முடிந்தால் வேறு துணி. கீழே விழுந்த துணியைத் திரும்ப எடுக்கக் கூடாது.

முதல் சாயங்காலம் தேய்த்த இடம் பூத்துப்போய்ச் சாம்பல் நிறமாக நின்றது. மாமா அதைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மச்சான், இருந்த கறுப்பும் பூட்ச்சே! ரூமோட சேத்து என்னியும் காலி பண்ணிடுவான் போல கீதே."

"சும்மா இரு மாமா."

"நீ மூட்டைய எண்ணிக்கினு இருக்க வேண்டிய ஆளுடா."

ஆனால் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால், அந்தச் சாம்பலுக்கு அடியில் வளையம் இல்லை. மெழுகு பாலிஷைத் தொட்டு மெதுவாக ஓட்டினேன். சாம்பல் விலகி, உள்ளிருந்து கறுப்பு மேலே வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிணறு மாதிரி. அதில் மாமாவின் முகம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. இறங்கு வெயிலில் நாங்கள் மூன்று பேரும் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒரு வளையம் இல்லை. என் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அக்கா அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். அறை தப்பித்தது என்று நினைத்துச் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். முதலாளி என்ன சொல்கிறார் என்று என் காதால் கேட்க வேண்டும் என்ற வீம்பு. மாமா வெள்ளை உடுப்பில் நின்றார். மாப்பிள்ளைப் பையன் பட்டு வேட்டியோடு படியிறங்கினான். அவனுக்கு முன்னால் முதலாளியம்மா வந்தார்கள். கையில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டை, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது.

மாமா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அது ஏன் என்று எனக்கு அந்தக் கணத்தில் விளங்கவில்லை.

"ஊர்க்கண்ணு பூரா இன்னிக்கி இது மேலதான்," என்றார்கள் அம்மா. மூட்டையைப் பானெட்டின் மேல் வைத்து அழுத்தி, ஒரு வட்டம் சுற்றினார்கள். கரகரவென்று சத்தம் கேட்டது. கல்லுப்பு! உப்பும் மிளகாயும் கடுகும் கட்டிய திருஷ்டி மூட்டை! ஊரெல்லாம் காற்றில் சுற்றுவதை இந்த அம்மாள் பெயிண்டின் மேல் ஒட்டி அழுத்திச் சுற்றுகிறாள். அதற்கு அடியில் காலையில் விழுந்த இரும்புப் பொடி வேறு.

திருஷ்டி என்றால் வெள்ளிக்கு வெள்ளி, மூன்று சுற்று. நான் எண்ணிய நாள்வரை வண்டி வந்து பதினான்கு வெள்ளி. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது.

நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். எல்லா வெள்ளியும் அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

"அம்மா, நிறுத்துங்க! அதனாலதான் கீறல் வுழுது!" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மாள் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருடா இவன்? நல்ல காரியத்துக்குக் கெளம்பற நேரத்துல? கீறலு கண்ணு பட்டு வுழுறது. அதுக்குத்தானே வாராவாரம் கழிக்கிறேன்? வரவரக் கண்ணு ஜாஸ்தியாயிட்டுதான் கீது."

முதலாளி படியில் வந்து நின்றார். நான் கணக்கைச் சொன்னேன். பதினான்கு, மூன்று, நாற்பத்திரண்டு. கதவுகளில் இல்லாததைச் சொன்னேன். காந்தத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. "இன்னாய்யா, உன் மச்சான் என் வூட்டு வாசல்ல நின்னுக்கினு எனக்குக் கணக்குப் பாடம் நடத்தறான்?" என்று மாமாவைக் கேட்டார். அம்மா இரண்டாம் சுற்றுக்கு மூட்டையை மறுபடி பானெட்டின் மேல் கொண்டுபோனாள்.

அப்போது அக்கா அறை வாசலிலிருந்து வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிரித்த முகமாக.

"அம்மா, வண்டியப் பாத்து யாருமா கண்ணு வெக்கப் போறாங்க? சின்னவரு இன்னிக்கி ராசா கணக்கா கீறாரு. பொண்ணு வூட்டு சனம் பூரா அவரத்தான் பாக்கும். அவருக்கு மொதல்ல சுத்திப் போடுங்கம்மா. வண்டிக்குப் போட்ட உப்ப மனுசாளுக்குப் போடக் கூடாதும்பாங்க, நீங்க அறியாததா?"

அம்மாவின் கை பானெட்டுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. மகனைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "நல்ல நேரத்துல சொன்னேடி," என்றாள். அக்கா ஓடிப்போய் வேறு உப்பு கொண்டுவந்தாள். பையனைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, காற்றில் மூன்று சுற்று. அதன் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அந்த அம்மாள் வண்டியைச் சுற்றவில்லை. மகன், பிறகு மருமகள், பிறகு பேரன் என்று சுற்றுவதற்குத் தலைகள் வந்துவிட்டன.

அக்கா அந்த வாக்கியத்தை எத்தனை வெள்ளிக்கிழமையாக வாயில் வைத்திருந்தாளோ. அறையைக் காப்பாற்றியது அதுதான். என் கணக்கு இல்லை. அது எனக்கு அன்றைக்கும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. கணக்கு சரியாக இருந்தது ஐயா! ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பானெட்டில் அன்று விழுந்த ஒரு வளையம் அப்படியே இருந்தது. எடுத்துவிடு என்று மாமா கெஞ்சினார். மாட்டேன் என்றேன். "அது உங்க மொதலாளியம்மா கையெழுத்து, இருக்கட்டும்."

அடுத்த வாரம் முதலாளி அதைச் சுட்டிக் காட்டி, "இது இன்னாய்யா இன்னும் கீது?" என்று கேட்டாராம். மாமா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, "அது என் கை இல்லீங்க ஐயா," என்றாராம். முதலாளி கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

நாரு போட்டாய் என்று சொன்னதை அவர் கடைசிவரை திருப்பி எடுக்கவில்லை. அக்கா அந்த மௌனத்தையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டு, அந்த அறையில் மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.