முதலாவதாக வந்த பக்கம்

ஜேர்மனியில், வுப்பர்டாலில் ஜெயகாந்தைத் தெரியாத தமிழ்க் கடைக்காரர் இல்லை. கடைக்கென்று ஒரு இணையத்தளம் போட்டவர்கள், போட்டும் ஒரு சனமும் எட்டிப் பார்க்கவில்லை என்று மூக்கைச் சிந்துகிறவர்கள், எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். வந்தவர்களை மனுசன் லேசில் விடமாட்டார். கோப்பியைக் கையில் கொடுத்து, இருத்திவைத்துப் பாடம் எடுப்பார்.

"அண்ணை, தலைப்பிலை 'நல்வரவு' எண்டு போட்டிருக்கிறியள். ஆராவது கூகிளிலை 'நல்வரவு' எண்டு அடிச்சுத் தேடுவினமோ? 'வுப்பர்டால் இடியப்பம்' எண்டு போடுங்கோ. சனம் தேடுற சொல்லுத்தான் தலைப்பிலை நிக்கவேணும். படத்துக்கும் பேர் வையுங்கோ. காசு குடுத்து மற்றத் தளங்களிலையிருந்து இணைப்பு வாங்காதேங்கோ, அது ஒருநாள் உங்களைக் கவிழ்க்கும்."

இவ்வளவும் அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. இருபத்திரண்டு வருசம் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் நின்றவர். ஐம்பத்திரண்டாவது வயதில் தொழிற்சாலையையே பூட்டிவிட்டார்கள். அந்த வயதில் யார் வேலை தருவார்? எழுதிப் போட்ட விண்ணப்பமெல்லாம் திரும்பி வந்தது. கடைசியில் மகளின் பழைய கணினியின் முன்னால் குந்தினார். இரண்டு வருசத்தில் அவருக்கென்று ஒரு தளம் நிமிர்ந்தது. மரண அறிவித்தல் தளம்.

சிரிக்கவேண்டாம். எங்களுடைய மரண அறிவித்தலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்தந்த நாடுகளில் இருக்கிற இன்னின்னாரின் தகப்பன். கூகிள் கேட்கிற ஊர், பேர், உறவு எல்லாவற்றையும் கூகிள் பிறக்க முந்தியே எங்கள் சனம் ஒரே வசனத்தில் எழுதிப் பழகிவிட்டது. ஜெயகாந்த் அதைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான் அவருடைய கெட்டித்தனம்.

அறிவித்தலின் அடியில் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று மலர்வளையம் விற்கும் கடைக்கு, மற்றது கொழும்புக்கு விமானச் சீட்டுப் பதியும் தளத்துக்கு. அவற்றை அழுத்திப் போய் யாராவது வாங்கினால் அவருக்கு ஒரு சிறு பங்கு வரும். மனைவி கிருசாந்திக்கு இது தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"செத்தவீட்டு வாசலிலை கடை விரிக்கிறியளப்பா."

"சனத்துக்குத் தேவையானதைத்தானே காட்டுறன். பூவும் வேணும், டிக்கெட்டும் வேணும்."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் அந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு: முதலாவதாகப் போடுகிறவன்தான் தேடலில் முதலாவதாக வருவான். நோர்வேயிலிருந்து இதே தொழில் செய்கிற ஒருவன் இருந்தான். அவனுக்கு முந்திவிட வேண்டும் என்பது ஜெயகாந்துக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஊரில், அளவெட்டியில், அவருடைய சொந்த அண்ணன் முருகேசு கண்ணை மூடினார். வெள்ளிக்கிழமை பின்னேரம், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

சனி காலை அக்காவின் மகள் கம்சனா போன் எடுத்தாள். அக்கா கமலாம்பிகைக்கு இருதயத்தில் பைபாஸ் செய்து மூன்று கிழமை. டுசல்டோர்ஃபில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தார்.

"சின்னமாமா, அம்மாவுக்கு வியாழக்கிழமை டொக்டர் பாக்கிற Termin. அது முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. அம்மா தாங்கமாட்டா."

"ஓம் பிள்ளை. எனக்குத் தெரியாதோ."

தெரியாமல் என்ன? மூன்று வயதில் தாயை இழந்த ஜெயகாந்தைத் தூக்கி வளர்த்தது அக்கா. அக்காவைத் தூக்கி நிறுத்தியது முருகேசு அண்ணை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணை அக்காவுக்குப் போன் எடுப்பார். முப்பது வருசமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

கனடாவிலிருந்து அண்ணையின் மகன் கீர்த்தனன் அறிவித்தலுக்கு அண்ணையின் படத்தை அனுப்பியிருந்தான். அவன் போய்ச் சேரவேண்டும் என்பதால் இறுதிக்கிரியை புதன்கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது. "சித்தப்பா, நீங்களே எழுதுங்கோ. மாமி அறிஞ்சபிறகு போடுவம்" என்று எழுதியிருந்தான்.

ஜெயகாந்த் எழுதினார். நூற்றுக்கணக்கான பேருக்கு எழுதிய கை அன்று முதல் வரியையே மூன்றுமுறை அழித்தது. 'கமலாம்பிகை, ஜெயகாந்த் (ஜேர்மனி) ஆகியோரின் அன்புச் சகோதரரும்' என்ற இடத்தில் அழுதார். அழுது முடிந்து கண்ணைத் துடைத்தபோது பழைய புத்தி தலையைத் தூக்கியது. நோர்வேக்காரனுக்கு ஊருக்குள் ஆள் இருக்கிறது. அவன் போட்டுவிட்டால்? என்னுடைய அண்ணையின் அறிவித்தலைச் சனம் எவனோ ஒருவனுடைய பக்கத்திலா வாசிப்பது? வியாழன்வரை வைத்திருந்தால் அது பழஞ்சோறு.

தளத்தில் புது அறிவித்தல் ஏறினால் போனுக்குச் செய்தி போகிற பட்டியலில் அக்காவும் இருந்தார். அந்தப் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்தார். இனி என்ன, அக்காவுக்குப் போகாது. இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகிளுக்குச் சொல்ல ஒரேயொரு வரி போதும். அந்த வரியை ஊருக்கெல்லாம் படிப்பித்தவர் அவர். அதை மட்டும் போடவில்லை. சனி மத்தியானம் பக்கத்தை வெளியிட்டார். பின்னேரமே அது முதலாவதாக நின்றது.

ஞாயிறு மத்தியானம் ஜெயகாந்தும் கிருசாந்தியும் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு டுசல்டோர்ஃபுக்குப் போனார்கள். அக்கா சன்னலோரம் இருந்தார்.

"அண்ணை இன்னும் போன் எடுக்கேல்லையடா."

"பெரியமாமாவின்ரை போன் பழுதாமம்மா" என்றாள் கம்சனா.

அக்கா இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

திங்கள் காலை ஜெயகாந்த் வழக்கம்போலக் கணக்குப் பார்த்தார். எந்த நகரத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அந்தக் கருவி சொல்லும். ஞாயிறு இரவு ஏழரைக்கு, டுசல்டோர்ஃபிலிருந்து ஒருவர். நாற்பத்தேழு நிமிடம். ஒரு அறிவித்தலை வாசிக்க இரண்டு நிமிடம் போதும். வாசகர் நின்று வாசித்தால் அந்தப் பக்கம் நல்ல பக்கம் என்பது அவர் எல்லாருக்கும் சொல்லுகிற பாடம். சீட்டுத் தளம் காட்டுகிற அவருடைய பங்குக் கணக்கிலும் ஒரு புது வரி விழுந்திருந்தது. டுசல்டோர்ஃப் – கொழும்பு, திங்கள் பின்னேரம், ஒரு ஆள்.

"பாரப்பா, ஆரோ ஒரு நல்ல சீவன் அண்ணையின்ரை செத்தவீட்டுக்குப் போகுது" என்றார் கிருசாந்தியிடம். அவருடைய நெஞ்சு நிறைந்துதான் போனது.

மத்தியானம் பார்த்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் Storno என்று இருந்தது. ரத்துச் செய்துவிட்டார்கள். "சனத்தின்ரை பாசம் அரைநாளைக்குத்தான்" என்று முணுமுணுத்தார். பாவி மனுசன், அப்போதும் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போய் அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. மருந்தாக்கும் என்று நினைத்தார்.

"உன்ரை தளம் எப்பிடித் தம்பி போகுது?"

"நல்லாப் போகுதக்கா."

"சனம் வருதோ?"

"வருதக்கா."

"அப்ப நல்லது" என்று அக்கா அவருடைய தலையைத் தடவினார்.

வியாழக்கிழமை எல்லாரும் கூடினார்கள். டொக்டர் நல்ல சொல் சொல்லியிருந்தார். வாசலில் ஒரு தாதி நிற்கட்டும் என்று கம்சனா ஏற்பாடு செய்திருந்தாள். ஜெயகாந்த் அக்காவின் கையைப் பிடித்தார். வழி முழுக்கச் சொல்லிப் பழகிவந்த வசனத்தைத் தொடங்கினார்.

"அக்கா, அண்ணை..."

"தெரியும் தம்பி."

கம்சனா வாசலில் நின்ற தாதியைத் திரும்பிப் பார்க்க, அக்காவே தொடர்ந்தார்.

"அண்ணை உயிரோடை இருந்தா வேறை ஆரின்ரையாவது போனிலையெண்டாலும் எடுப்பார். நீங்கள் போனாப்பிறகு பேரையும் ஊரையும் அடிச்சுப் பாத்தன். நீதானே தேடப் பழக்கினனி. உன்ரை பக்கம்தான் முதலாவதா வந்தது."

"அம்மா, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" கம்சனா அழத் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் எல்லாரும் எனக்காக அழாமல் இருந்தியள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை. அடியிலை டிக்கெட் எண்டு இருந்துது, அமத்தி ஒண்டு பதிஞ்சன். விடியக் கேட்டா, ஏலாது, ஆகாயத்திலை நெஞ்சு நிண்டுபோடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். திருப்பிக் குடுத்திட்டன். பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ எண்டும் அவரைக் கேட்டனான்."

ஜெயகாந்த் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். இந்த ஐந்து நாளும், திரைச்சீலையை இழுத்துவிட்டு, தனிய, சத்தம் வராமல் அக்கா அழுதிருக்கிறார். அழுத கண்ணைக் கழுவிவிட்டு இவருடைய தளத்தைச் சுகம் விசாரித்திருக்கிறார்.

"என்னைப் பேசக்கா. ரெண்டு அடி அடி."

"ஏன்ரா பேச? முதலாவதா வரவேணுமெண்டு நீ எவ்வளவு பாடுபட்டனி." அக்காவின் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். "அந்தப் பக்கத்தை எடுத்துப்போடாதை. அண்ணையின்ரை முகம் அதிலைதான் வடிவாயிருக்கு. கீழை இருக்கிற பூக்கடையை மட்டும் எடுத்துவிடு. படத்தைப் பாக்கேக்கை கை அதிலை பட்டுப் பட்டுக் கடைக்குப் போகுது."

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தார். பூக்கடையை எடுத்தார். சீட்டுத் தளத்தை எடுத்தார். பிறகு, அண்ணையின் பக்கத்தோடு நிற்காமல், மற்ற எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். கிருசாந்தி வந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது தளத்தில் யார் நிற்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி மூலையில் இருந்தது. அதில் பார்வை விழுந்தது. முருகேசு அண்ணையின் பக்கம். டுசல்டோர்ஃப். ஒருவர்.

போனைக் கையில் எடுத்தார். அழைத்தால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டியோ தம்பி என்றுதான் கேட்பார். போனைத் திரும்ப மேசையில் வைத்தார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. பெட்டியில் அந்த 'ஒருவர்' மறையும்வரைக்கும் ஜெயகாந்த் கதிரையை விட்டு எழும்பவில்லை.