தங்கமணி தின்னாத சோறு

பூதலூர்ப் பக்கத்தில் தங்கமணி கை வைத்த வயல் என்றால் மறுபேச்சே கிடையாது. நடவுக்குப் போகிற பன்னிரண்டு பெண்களுக்கும் அவள்தான் தலைவி. முதல் நாற்றை அவள் ஊன்றினால்தான் மற்றவர்கள் குனிவார்கள். முப்பது வருடமாக அப்படித்தான்.

ஐம்பது வயதில் தீட்டு நின்றது. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டாள், பாவி மகள்! இரண்டே வருடத்தில் கையும் காலும் அப்படியே இருக்க, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. முழங்கால்கள் வீங்கிக் காந்தின. எல்லோரும் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்துவிட, அவள் மட்டும் முன்னால் தனியாக நிற்கும்படி ஆயிற்று. அந்த நேரம் பார்த்து மகன் ராஜ்குமார் சிங்கப்பூர் போயிருந்தான். கேட்கவா வேண்டும்? "சிங்கப்பூர் காசு ஒடம்புல தெரியுதே" என்று ஊரே சிரித்தது.

உண்மை தெரிந்தவள் ரெத்தினம் ஒருத்திதான். இருவரும் ஒரே மாதத்தில் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், நடவிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். தங்கமணி ஆறு மாதமாக ராத்திரிச் சோறு தின்பதில்லை, வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுக்கிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். "செத்துகித்துத் தொலைக்காதடி" என்று திட்டியவளும் அவள்தான்.

சம்பா நடவு தொடங்கும் சமயம் ரெத்தினம் வந்து சொன்னாள்: "நாளைக்கு வேலை இல்லடி. வீரையன் வயலுக்கு இன்னும் தண்ணி ஏறல. நீ போயி முட்டியக் காட்டிட்டு வா."

எவ்வளவு அக்கறை! தங்கமணி நம்பித் தஞ்சாவூருக்கு ரயிலேறினாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "தீட்டு நின்னப்புறம் கொழுப்பு வயித்துல வந்து சேரும்மா. அது சும்மா கெடக்காது, ஒடம்பு முழுக்க அழற்சியக் கெளப்பிவிடும். புண்ணு வீங்கிக் காந்துதுல்ல, அது மாதிரி. ஆனா உள்ளுக்குள்ள, கண்ணுக்குத் தெரியாம. ஒங்க மூட்டு வலிக்கு அதுவும் ஒரு காரணம். பட்டினி கெடந்தா தீராது, மருந்து தரேன்."

"அப்ப நான் தின்னு கொழுக்கலீங்களே?"

"யாரு அப்படிச் சொன்னது?"

தங்கமணிக்கு அழுகையே வந்துவிட்டது. இதை முதலில் ரெத்தினத்திடம் சொல்ல வேண்டும் என்று மத்தியானமே அடித்துப்பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

வீரையன் வயலில் பதினோரு பேர் குனிந்து நின்றார்கள். முக்கால்வாசி நட்டாகிவிட்டது. தங்கமணி நிற்கிற இடத்தில் ரெத்தினம் நின்றாள்.

வரப்பில் இருந்த வீரையன் சிரித்தார். "வா தங்கமணி! இனிமே சேத்துல எறங்க மாட்டேன்னுட்டியாமே? மகன் சம்பாதிக்கிறான், மூணு வேளையும் மீனும் கறியுமாம். குடுத்து வச்சவ போ. ரெத்தினம்தான் சொல்லுச்சு."

தங்கமணி சேற்றில் இறங்கி ரெத்தினத்தின் பக்கத்தில் போய் நின்றாள். "ஏண்டி, நான் பட்டினி கெடந்தது ஒனக்குத் தெரியாது?"

ரெத்தினம் நிமிராமல், வரப்புக்குக் கேட்காதபடி முணுமுணுத்தாள். "தெரியும். எனக்கும் தீட்டு நின்னு எட்டு மாசமாச்சு. கெழவிங்க ரெண்டு பேரு இருந்தா ரெண்டு பேரையும் நிறுத்திருவாங்க. நான் என்னடி பண்ணட்டும்?"

பாதகத்தி! பெற்ற மகன் விமானம் ஏறியபோதுகூடத் தங்கமணிக்கு நெஞ்சு அப்படி எரியவில்லை. டாக்டர் சொன்னதை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போக, ரெத்தினம் வாசலைத் தாண்டினால் நூறடிதான். இன்றுவரை அந்த வழியே அவள் போவதில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையைச் சுற்றி ஒரு மைல் நடக்கிறாள்.