மாற்றாமல் விட்ட எல்லை

ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் அவள் பதினாலு வருஷமாகத் தற்காலிக ஊழியர். எந்த நோயாளியின் ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனாலும் வேலை நிரந்தரமாகப் பட்டம் வேண்டுமாம். அவளுடைய கணிதப் பட்டமோ ஒரே ஒரு பேப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது: தொகை நுண்கணிதம். பிரசவம், படுத்த படுக்கையாய் மாமியார், அது இது என்று நடுவில் எட்டுத் தடவை எழுதி எட்டுத் தடவையும் கோட்டை விட்டிருந்தாள். பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லிவிட்டது.

கங்கணம் கட்டிக்கொண்டு படித்தாள். பிரதியிடும் கணக்கென்றால் அவளுக்கு உயிர். சைன் மும்மடியும் பக்கத்தில் ஒரு காஸும் நின்றால் பயமே வேண்டாம்; சைன் எக்ஸை யூ என்று வைத்தால் போதும், அந்தக் காஸ் சத்தமில்லாமல் டியூவுக்குள் அடங்கிவிடும்.

"தூக்கத்துலயும் சைனு காஸுங்குற. என் பேராவது ஞாபகம் இருக்கா?" என்று புருஷன் கிண்டலடிப்பான்.

தேர்வில் அந்தக் கணக்கே வந்தது. பத்து மார்க். பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மளமளவென்று எழுதித் தள்ளினாள்.

முப்பத்தேழு வந்தது. தேற நாற்பது வேண்டும்.

விண்ணப்பம் போட்டு விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தாள். யூ சரி. டியூ சரி. தொகையிட்டதும் சரி. எக்ஸ் பூஜ்யத்திலிருந்து பையின் (π) பாதி, அதாவது தொண்ணூறு டிகிரி வரை போகிறது. அதன் சைனான யூ ஒன்று வரைதான் போகும். அவள் எல்லாவற்றையும் யூவுக்கு மாற்றிவிட்டு, மேல் எல்லையில் பையின் பாதியை அப்படியே விட்டிருந்தாள். கால் என்று வரவேண்டிய விடை எங்கோ போய் நின்றது. திருத்தியவர் அந்த எல்லையைச் சிவப்பில் வட்டமிட்டுப் பத்துக்கு மூன்று மார்க் போட்டிருந்தார்.

"இந்த ஒரு வட்டமாடி?" என்றான் புருஷன்.

"தெரியாத கணக்குன்னா மனசு ஆறிடுங்க. இது தெரிஞ்ச கணக்கு. தெரிஞ்ச திமிருலதான் திரும்பிப் பாக்கல." அவள் குமுறிக் குமுறி அழுதாள். பாவம், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுவாரம் சூப்பரின்டெண்ட் கூப்பிட்டார். "நான் மேலிடத்துல எவ்வளவோ சொல்லிப் பாத்தேம்மா. பட்டம் இருக்கறவங்களத்தான் இனிமே வெச்சுக்குவாங்களாம். ஒண்ணாந்தேதியிலேருந்து உங்க எடத்துல வேற பொண்ணு. நாளைக்கே வந்துடும். நீங்க போறதுக்குள்ள வேலையக் கத்துக்குடுத்துடுங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

வந்தவள் நல்ல பெண், வாய் ஓயாதவள். அலமாரி அலமாரியாகக் காட்டிக்கொடுத்தபோது எல்லாவற்றையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டாள். திட்டக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

"அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?"

"மேத்ஸ்."

"ஐயோ, எனக்கு அது சுத்தமா வராதுக்கா!"

"எனக்கும் வரலம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஃபைலை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.