ஆடிய தகரமும் அடங்காத வாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்றை ஏமாற்றிவிட்டோம் என்று மூன்று மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த முட்டாள் நான். ஏமாந்தது யார் என்பது காற்றுக்குத் தெரியும்.

இன்று காலை ஆனையூர் வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சட்னி அரைக்க மிக்சியைப் போட்டேன். தலைக்கு மேல் ஃபேன் சுணங்கியது. கூடவே கப்பலூர் டயர் பட்டறை ஷெட்டின் சூடான ரப்பர் வாடை எங்கிருந்தோ வந்துவிட்டது. மூக்குக்கு மட்டும் வயசாவதில்லை போலிருக்கிறது.

கல்லூரிக் கடைசி வருடம். கொட்டாம்பட்டி செல்வமும் நானும் அந்த ஷெட்டின் மூலையில் பிளைவுட்டால் நீளப் பெட்டி ஒன்று செய்தோம். ஒரு முனையில் எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை இழுக்கும். அடியில் தகரத் தரை. தரையை ஒட்டி ஓடும் காற்று சுழித்துச் சுழித்து அதைப் பிடித்து இழுக்கும். ஓடும் வண்டிகளின் மேலும் இதே இழுப்புதான் விழுந்து பெட்ரோலைக் குடிக்கிறது. தரையையே பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் சுழல்களின் பிடி தளரும் என்பது செல்வம் படித்துச் சொன்னது. பழைய கிரைண்டர் மோட்டாரை மாட்டி ஆட்டினோம். இழுப்பை அளக்க மாட்டியிருந்த தராசின் முள் இறங்கியது!

"மாப்ள, எம்புட்டுக் குறையுது பாருடா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் அப்போதும் கனம்தான்.

ஆய்வுக்கு ஆள் எடுக்க வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வரவிருந்தார். செல்வம் அவரையே நம்பியிருந்தான். முந்தின நாள் நான் தனியாக ஓட்டிப் பார்க்கையில் காதில் விழுந்தது: மோட்டாரைப் போட்டதும் ஃபேன் சத்தம் தணிகிறது. இரண்டுக்கும் ஒரே வயர். காற்றே குறைந்தால் இழுப்பு குறையாமல் என்ன செய்யும்?

உடனே அவனிடம் ஓடியிருக்க வேண்டும். நானோ, நல்ல ஜோக் வீணாகக்கூடாது என்று பொத்தி வைத்தேன். மறுநாள் ஷெட்டுக்கு வந்த பேராசிரியர் முன்னால், "தகரம் ஒண்ணும் செய்யல சார், வோல்டேஜுதான் படுத்துருச்சு!" என்றேன். ஷெட்டே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் செல்வம் கேட்டது ஒன்றுதான். "நேத்தே சொல்லிருக்கலாம்லடா?"

பிறகு அவன் மோட்டாருக்குத் தனி வயர் இழுத்து, தனியாகவே ஓட்டிப் பார்த்தானாம். கொஞ்சம்தான், ஆனால் இழுப்பு நிஜமாகவே குறைந்ததாம். அந்த முள் இறங்கியபோது நான் அங்கே இல்லை.

இப்போது ஷெட் இருந்த இடத்தில் யாருடைய குடோனோ நிற்கிறது. பெட்டி எந்த அடுப்புக்குப் போனதோ. என்னை மாப்ள என்று கூப்பிடவும் ஆளில்லை. சட்னியை அப்படியே விட்டுவிட்டு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, சிரிப்பு எதுவும் சேர்க்காமல் செல்வத்துக்குப் போனில் எழுதினேன்: "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு மாப்ள. மன்னிச்சுரு."

உடனே பதில் வந்தது.

"இதுவும் காமெடியா?"