அடிக்குரல் கோரஸ்

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய் வாசித்த அந்தக் குழு, சிடி கடைகள் பெருகியபோது தானாகவே கலைந்தது. சில வருஷம் கழித்து, திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் போட்டேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு மைக். சுவர் முழுக்க ஸ்பாஞ்சும் பழைய கம்பளமும் அடித்திருந்தேன். கதவைச் சாத்தினால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் அப்படியே அறுந்துபோகும். தேர்தல் பாட்டு, மாதா பாட்டு, அம்மன் பாட்டு, எது வந்தாலும் செய்தேன்.

சென்னை நண்பர் ஒருவர் ஒருநாள் என் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு குரல் தொகுப்பை ஏற்றிக் கொடுத்தார். வெளிநாட்டில் எங்கோ ஒரு பெரிய தேவாலயத்தில் ஆண்களைக் கூட்டமாக நிற்கவைத்து, சுரம் சுரமாகப் பாடவைத்துப் பதிந்தது. எல்லாமே அடிக்குரல். கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் அத்தனை பேரும் சேர்ந்து ‘ஆ’ என்பார்கள். அமைப்பை மாற்றினால் ‘ஊ’, இன்னொரு முறை மாற்றினால் வாய் மூடிய ‘ம்’. அதற்கு மேல் வார்த்தை வராது. முதன்முதலாக அழுத்தியபோது மேஜை மேல் டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கியது. காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் தெரிகிற குரல். அதைப் போட ஒரு பாட்டு கிடைக்காதா என்று காத்திருந்தேன்.

மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்திலிருந்து ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு பதிய வந்தார்கள். பாடுகிறவர் அந்த ஊர்க்காரர். பின்பாட்டுக்கு நான்கு பெண்களைக் கூட்டி வந்திருந்தார். அதில் ஒரு பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார். சுருதி மட்டும் இம்மி பிசகாது.

பம்பையும் உடுக்கையும் ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது. இரண்டாவது சரணம் முடிந்ததும் தாளத்தை எல்லாம் நிறுத்தி, அந்த இடத்தில் அடிக்குரல் கோரஸை மட்டும் தனியாக விட்டேன். கடல் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பாடகருக்குப் பிடித்துவிட்டது. பின்பாட்டுப் பெண்களும் கேட்கட்டும் என்று ஆளுக்கொரு முறை ஹெட்போனைக் கொடுத்தேன். மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் அந்த இடம் வந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதுல பாடுற ஆம்பளைங்கலாம் யாரு சார்?”

வெளிநாட்டுக்காரர்கள் என்றும், எப்போதோ பாடி வைத்ததைத்தான் நான் கட்டையை அழுத்தி வரவழைக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் நம்பின மாதிரி தெரியவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் திரும்பவும் அதையே எடுத்தார்.

“அதுல ஒருத்தரு பாடறதுக்கு முன்னாடி மூச்ச இழுத்து, கொஞ்சம் நிறுத்திக்கினு, அப்புறம்தான் குரல் குடுக்கறாரு. நீங்க கேக்கலியா?”

நான் கேட்டதில்லை. அத்தனை நாள் அதோடு பழகியும் கேட்டதில்லை. மற்ற ஒலிகளை எல்லாம் அணைத்துவிட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி, அந்தக் கட்டையை அழுத்தினேன். குரல்கள் கிளம்புவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் ஒரே ஒரு மூச்சு. உள்ளே இழுபட்டு, தொண்டையில் லேசாகத் தடுக்கி நின்று, பிறகு கூட்டத்தோடு கலந்துவிட்டது. பம்பையும் உடுக்கையும் அடங்குவதற்குள் முடிந்து போகிற ஒரு வினாடியில் இந்தப் பெண்ணின் காதில் அது எப்படி விழுந்தது என்று புரியாமல் இன்னொரு முறை அழுத்தினேன்.

அவருடைய வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர். ஃபைபர் படகில் நான்கு பேராகப் போய், மூன்று பேர் திரும்பினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. கரையில் படகைத் தண்ணீருக்குத் தள்ளும்போது அவர்தான் குரல் கொடுப்பாராம். இப்படித்தான் இழுத்து, நிறுத்தி, கொடுப்பாராம். அந்தக் குரல் வந்த பிறகுதான் மற்றவர்கள் தோள் கொடுப்பார்களாம். வீட்டுக்குள் இருந்தபடியே அவர் கிளம்புவது தனக்குத் தெரிந்துவிடும் என்று சொன்னார். இதைச் சொல்லும்போது அழவில்லை. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன.

“அவர மட்டும் தனியா எடுக்க முடியுமா சார்?”

முடியாது என்றேன். எல்லாரும் சேர்ந்து நின்று பாடியது, பிரிக்க வழியில்லை. அப்படியானால் இன்னொரு முறை போடுங்கள் என்றார். அழுத்தினேன். விரலை எடுக்காமல் பிடித்திருந்தால் குரல் நீண்டுகொண்டே போகும், ஆனால் அந்த மூச்சு முதலில் ஒரு தடவைதான் வரும். அவருக்கு வேண்டியது மூச்சுதான். அதனால் அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்து, எத்தனை முறை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அவருடைய தோளும் கூடவே உயர்ந்து நின்றது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் நான் நிறுத்தினேன். அவர் கண்ணைத் துடைக்காமல் எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். அன்று அவர் பாடியது பிசகாமல் இருந்தது.

ஆடித் திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கோயில் வாசலில் கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சொம்போடு வரிசையில் நின்றார்கள். தென்னை மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் எங்கள் பாட்டு ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கூம்பில் அடிக்குரல் வராது. அதன் வாய்க்கு எட்டுவது தகரச் சத்தமும் உச்சஸ்தாயியும்தான். நான் ஆசைப்பட்டு விட்ட இடத்தில் வெறும் மௌனம்தான் கேட்கப் போகிறது.

அந்த இடம் வந்தது. நான் நினைத்தபடியே கூம்பு அடங்கிவிட்டது. எனக்கு அலைச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் கூழ் வரிசை அசையாமல் நின்றது. சொம்பை நீட்டியிருந்த ஒரு பெண் நீட்டியபடியே கடல் பக்கம் திரும்பினாள். பின்னால் இருந்தவர்களும் திரும்பினார்கள். வலைக்குவியலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

“இன்னிக்கு எவன்யா படகு தள்றது?” என்றார்.

அன்று யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. கரையில் படகுகள் வரிசையாகக் கிடந்தன, பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த சரணத்துக்கு உடுக்கை எழுந்ததும் வரிசை நகர்ந்தது. வரிசை நின்றிருந்தபோதே அந்தப் பெண்ணைத் தேடியிருந்தேன். கோயில் சுவரோரம் நின்றிருந்தார். அவர் ஒருவர்தான் கடல் பக்கம் திரும்பாமல் கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்த பிறகு அவர் தனியாகத் திண்டிவனத்துக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. அத்தனை வருஷமாக மாமியார் வீட்டாரும் அண்ணன்மாரும் சொல்லியும் கேட்காமல் இருந்தவர், இப்போது தானே சொல்லிக் கருமாதி முடித்துவிட்டாராம். கீழே சொல்லி டீ வரவழைத்தேன்.

“அவரு தனியா கிடக்கறாருன்னுதான் சார் இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தேன்” என்றார். “கூட நெறைய பேரு இருக்காங்க. அது போதும்.”

கிளம்பும்போது வாசலில் நின்று, அந்தப் பாடகர்கள் எல்லாம் இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எதுவுமே எனக்குத் தெரியாது. தெரியாதும்மா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மரக்காணம் பஸ்ஸுக்குப் போனார்.

அந்தத் தொகுப்பைத் தேவாலயத்துத் தவக்காலப் பாட்டுக்கும் வேறு சிலவற்றுக்கும் பிறகும் உபயோகித்தேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கட்டையை அழுத்த வேண்டி வந்தால் மட்டும் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைப்பேன். பஸ் இரைச்சலும் கீழே மருந்துக் கடைக்காரர் சில்லறைக்குச் சண்டை போடுவதும் உள்ளே வரும். அதற்குப் பிறகுதான் அழுத்துவேன்.